பழைய பாணி ரைஃபிளுக்குக் கையால் ஒரு வால்நட் கட்டை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பென்சில்வேனியாவில் எங்கள் வீட்டு காரேஜில் எப்போதும் ஒரு துப்பாக்கிக் கட்டை, அதாவது ரைஃபிளின் இரும்பைத் தாங்கித் தோளில் பதிகிற மரப்பகுதி, பாதி வேலையில் கிடக்கும். தீபாவளிக்கு வருகிறவர்களும் சரி, பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர்களும் சரி, அதைப் பார்த்துவிட்டால் கேள்வி கேட்காமல் போவதில்லை. ஆறேழு வருடமாக அதே கேள்விகள். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, என் பதிலையும் போட்டுவிட்டேன். இதுவரை இரண்டு கட்டைகளை முடித்திருக்கிறேன். மூன்றாவது இப்போது பட்டறை மேசையில் இருக்கிறது.

"பழைய பாணின்னா என்னங்க? பழைய துப்பாக்கியா, புதுசா?"

வடிவம்தான் பழையது. 1920களிலும் 30களிலும் அமெரிக்காவில் உருவான ஒரு வடிவம் அது. ஒடிசலான கழுத்து, கன்னம் பதியும் மேல்விளிம்பு ஏறக்குறைய நேர்கோடு, எண்ணெய் ஊறிய மங்கலான பளபளப்பு, கைபிடிக்கும் இடத்தில் கையால் வெட்டிய கட்டங்கள், முனையில் கருங்காலித் துண்டு, பின்பக்கம் இரும்புத் தகடு. வேலைக்கு உதவாத எதுவும் அதில் இருக்காது.

இதன் கதை எனக்குப் பிடித்த கதை. ராணுவத்துக்கு 1903இல் வந்த ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளில், தன் உடம்புக்கு ஏற்ற கட்டையைப் போட்டு வாங்கிக்கொண்டார் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட். ஆப்பிரிக்காவுக்கும் அதை எடுத்துப் போனார். அவர் எழுதியதைப் படித்துவிட்டு, நியூயார்க்கில் மேசை நாற்காலி செய்துகொண்டிருந்த சீமோர் கிரிஃபின் என்ற தச்சர் தனக்கும் அப்படி ஒன்று செய்து பார்த்தார். 1923இல் ஜேம்ஸ் ஹோ என்பவரோடு சேர்ந்து அவர் தொடங்கிய கடைதான் கிரிஃபின் அண்ட் ஹோ. இந்த வடிவத்துக்கு ஒரு தச்சரின் கைதான் அடிப்படை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மற்ற பதில்கள் புரிவதற்கு அது உதவும்.

"அப்போ துப்பாக்கியையே வீட்டுல செய்றீங்களா அண்ணா?"

இல்லை. ரைஃபிளில் இரும்பு ஒரு பாதி, மரம் ஒரு பாதி. நான் மரத்தை மட்டும்தான் தொடுகிறேன். குண்டு ஏறி, பூட்டி, வெடிக்கிற நடுப்பகுதிக்கு ஆக்‌ஷன் என்று பெயர். அதை உரிமம் பெற்ற கடையில், பின்னணிச் சோதனை முடித்து வாங்கினேன். அதில் குழலைப் பொருத்தியதும், தோட்டா உட்காரும் அறையின் அளவைச் சரிபார்த்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக். அந்த அளவு தவறினால் முகத்துக்கு முன்னால் வெடிக்கக்கூடும். வார இறுதியில் கற்றுக்கொண்டு செய்கிற வேலை இல்லை அது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காரேஜில் வேலை நடக்கும்போது அந்த இரும்பில் போல்ட் (தோட்டாவைத் தள்ளிப் பின்பக்கத்தைப் பூட்டும் உருளை) இருக்காது, அது வீட்டுக்குள் பெட்டகத்தில் இருக்கும். தோட்டா காரேஜ் பக்கமே வராது. அப்படியிருந்தும் ஒவ்வொரு முறை கையில் எடுக்கும்போதும் தோட்டா உட்காரும் அறைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பேன்.

"நான் எச்-1பி-ல இருக்கேன். நானும் ஆரம்பிக்கலாமா?"

முதலில் வக்கீலிடம் கேளுங்கள். இதில் நம் ஆட்கள் நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் அதை நண்பர் சொன்னார் என்று நம்பி இறங்கக் கூடாது. பச்சை அட்டை இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அதற்கு மேல் மாநிலச் சட்டம் தனி. எங்கள் பக்கத்து ஆறான டெலவேரைத் தாண்டி நியூ ஜெர்சிக்குப் போனால், வாங்குவதற்கே காவல்துறை தரும் அடையாள அட்டை வேண்டும்.

இன்னொரு விஷயம்: சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பது அந்த ஆக்‌ஷன்தான். மரக்கட்டை வெறும் மரம். விசா பிரச்சினை தீரும் வரை நல்ல பலகையை வாங்கிக் காயவைக்கலாம், பழைய மரத்துண்டுகளில் கட்டம் வெட்டிப் பழகலாம். அப்படிப் பழகியவர்களின் கை பிறகு வேகமாக ஓடும்.

"ஊருக்குத் திரும்பினா அங்க இதைச் செய்ய முடியுமா?"

இங்கே செய்கிற மாதிரி முடியாது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வைத்திருக்க உரிமம் வேண்டும், செய்வதற்குத் தனி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு தனிநபர் ஒருவர் பொதுவாக இரண்டுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. வேட்டையோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்துபோன விஷயம். இங்கே செய்ததைப் பெட்டியில் போட்டு ஊருக்கு எடுத்துப் போகலாமா என்று ஒரு தம்பி கேட்டார். கனவில்கூட வேண்டாம்.

"ஏன் எல்லாரும் மவுசர், மவுசர்னே சொல்றாங்க?"

ஜெர்மனியின் மவுசர் 1898இல் கொண்டுவந்த ஆக்‌ஷன் அவ்வளவு நம்பகமானது. தோட்டா பெட்டியிலிருந்து மேலே வந்த உடனே, போல்ட்டின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு நீண்ட கொக்கி அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். வெளியே தள்ளும் வரை பிடி விடாது. அதற்குப் பின் வந்த போல்ட் ரைஃபிள்களில் பல இதிலிருந்து கடன் வாங்கியவைதான். முன்பு சொன்ன ஸ்பிரிங்ஃபீல்டும் மவுசர் குடும்பத்து வடிவம்தான்.

குமாவுன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டைத் தமிழில் படித்தவர்கள் நிறையப் பேர். சம்பாவத் பெண்புலியைக் கொன்றதற்காக 1907இல் அவருக்குப் பரிசாகக் கிடைத்த .275 ரிக்பி ரைஃபிள், மவுசர் ஆக்‌ஷனில் லண்டன் ரிக்பி கடை செய்தது. அதன் தோட்டா ஜெர்மனியின் 7x57 என்ற அளவுதான், ஆங்கிலேயர்கள் அதற்கு வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். என் இரண்டாவது ரைஃபிளுக்கு நான் 7x57 எடுத்ததற்குக் காரணம் பள்ளிக்கூட நாட்களில் படித்த அந்தப் புலிக் கதைகள்தான்.

"பழைய ராணுவ ரைஃபிள் ஒண்ணு கெடைச்சிருக்கு. அதை அறுத்து இப்படி மாத்திடலாமா?"

மூலக் கட்டையோடு, பாகங்களில் பொறித்த வரிசை எண்கள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கிற ரைஃபிள் என்றால் தயவுசெய்து அறுக்காதீர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலிவாகக் குவிந்து கிடந்த காலத்தில் ஆயிரக்கணக்கில் அறுத்துத் தள்ளிவிட்டார்கள். மிச்சம் இருப்பது வரலாறு. ஒருமுறை அறுத்தால் அதன் மதிப்பும் போய்விடும். ஏற்கனவே யாரோ அறுத்து, கட்டை உடைந்து, கடை மூலையில் கிடப்பதைத் தேடி எடுங்கள். அதற்கு மறுபிறவி கொடுப்பதுதான் நல்ல வேலை.

ஸ்பிரிங்ஃபீல்ட் என்றால் வரிசை எண்ணை முதலில் பாருங்கள். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் 8,00,000க்குக் கீழும், ராக் ஐலண்ட் ஆலையில் 2,85,507க்குக் கீழும் எண் உள்ளவற்றில், இரும்பைச் சூடேற்றிப் பதப்படுத்திய முறை சரியில்லாததால் சில நொறுங்கி வெடித்திருக்கின்றன. அந்த எண் கொண்டதைச் சுவரில் மாட்டி வைக்கலாம். சுட வேண்டாம்.

"மரம் ஏன் வால்நட்? நம்ம தேக்கு, ஈட்டி எல்லாம் ஆகாதா?"

வால்நட் வேறு எங்கோ விளையும் மரம் இல்லை. காஷ்மீரில் பெட்டியும் திரையும் செதுக்குகிறார்களே, அந்த அக்ரூட் மரம்தான். இங்கிலீஷ் வால்நட், துருக்கி வால்நட், சர்க்காசியன் வால்நட் என்று விற்பதும் அதே இனம். அமெரிக்காவின் கறுப்பு வால்நட் அதற்குப் பெரியப்பா மகன் முறை. அமெரிக்க ராணுவ ரைஃபிள்கள் பலவும் அதில்தான் செய்யப்பட்டன.

ஈட்டி அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு கனமீட்டருக்கு 830 கிலோ அளவுக்குக் கனம். வால்நட் 610 முதல் 640 கிலோதான். நாள் முழுக்கத் தோளில் சுமக்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியும். தேக்கு எடையில் வால்நட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள மணல் போன்ற சிலிக்கா உளியைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். மெல்லிய கட்டம் வெட்டும்போது பொருபொருவென்று உதிரவும் செய்யும். வால்நட் வெண்ணெய் மாதிரி சீவ வரும், சுடும்போது பின்னால் தள்ளும் உதையையும் தாங்கும், காய்ந்த பிறகு அவ்வளவாகக் கோணாது. இந்த மூன்றும் சேர்ந்து ஒரே மரத்தில் கிடைப்பது அபூர்வம்.

"பலகை வாங்கும்போது எதைப் பாக்கணும்?"

கழுத்தைப் பாருங்கள். உள்ளங்கை பிடிக்கும் அந்த ஒல்லி இடத்தில்தான் கட்டை உடையும். அங்கே நார் நேராக, கழுத்து வளைகிற வாக்கிலேயே ஓட வேண்டும். அலையலையான கோலமெல்லாம் பின்பக்கத்து அகலத்தில் இருக்கட்டும். வடிவத்தை ஒரு தாளில் வெட்டி எடுத்துப் போய்ப் பலகை மேல் வைத்துப் பார்ப்பது நல்லது. ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் உள்ளே ஒளிந்திருக்கும் ரேகை முழுக்க எழுந்து வரும்.

அடுத்து ஈரப்பதம். ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருடம் காற்றில் காய வேண்டும் என்பது பழைய கணக்கு. கட்டைக்கான பலகை இரண்டரை அங்குலம் இருக்கும். அப்புறம் வீட்டுக்குள் வைத்து, எடை குறைவது நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். என் முதல் பலகை, கோலத்தைப் பார்த்து மயங்கி வாங்கியது. நன்றாகக் காய்ந்தது என்று விற்றவர் சொன்னார், நானும் எடை போட்டுப் பார்க்கவில்லை. பாதி வேலையில், ஜனவரி மாதம் ஹீட்டர் ஓடும் வீட்டில், முனை ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. மூன்று மாத உழைப்பு போனது. இப்போதெல்லாம் வாங்கிய அன்றே தராசில் வைத்து, எடையை அதன் முதுகிலேயே பென்சிலால் எழுதி, மாதம் ஒருமுறை பார்க்கிறேன்.

"அளவு எப்படி எடுக்கிறது? சட்டை மாதிரியா?"

அப்படித்தான். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை உள்ள நீளம்தான் முக்கியம். கடையில் விற்பது பெரும்பாலும் பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். எனக்குப் பதின்மூன்றே கால் போதும், என் மனைவிக்குப் பன்னிரண்டரை. குளிர்கால கோட் போட்டுத்தான் சுடப்போகிறீர்கள் என்றால் கோட்டைப் போட்டுக்கொண்டு அளவு எடுங்கள்.

அடுத்தது மேல்விளிம்பின் உயரம். கண்ணை மூடி ரைஃபிளைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, கண்ணைத் திறங்கள். பார்வை குறியின் வழியாக நேராகப் போக வேண்டும். கழுத்தை நீட்டவோ குனியவோ வேண்டியிருந்தால் உயரம் தப்பு. வலது கைக்காரருக்குக் கட்டை லேசாக வலப்பக்கம் ஒதுங்கியிருந்தால் இன்னும் வசதி. கடைக் கட்டையில் கிடைக்காதது இதுதான். ஒரு ஆளின் உடம்புக்கு ஒரு கட்டை.

"இரும்பை மரத்துக்குள்ள எப்படிப் பதிக்கிறது? அதுதான் கஷ்டம்னு சொல்றாங்களே?"

கஷ்டம் இல்லை, மெதுவான வேலை. இரும்பின் அடியில் கறுப்பு மையைத் துளித்துளியாகத் தடவ வேண்டும். அதற்கென்றே டப்பாவில் விற்கிறார்கள், விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்தாலும் போதும். நேராக இறங்குவதற்காக, இரும்பின் அடியில் நீளமான வழிகாட்டித் திருகுகள் இரண்டை மாட்டிக்கொண்டு, மரத்தில் இறக்கி, மரச்சுத்தியால் ஒரு தட்டுத் தட்டி, அப்படியே நேராகத் தூக்க வேண்டும். மரத்தில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் உளியால் ஒரு சீவல். செதுக்கக் கூடாது, சீவத்தான் வேண்டும். சீவல் வெற்றிலைக் காம்பின் தோல் மாதிரி மெல்லிசாக வர வேண்டும். மறுபடி மை, மறுபடி இறக்கல். என் இரண்டாவது கட்டையில் இதை நானூறு முறைக்கு மேல் செய்திருப்பேன்.

முதலில் இரண்டே இரண்டு இடத்தில் கறுப்புப் புள்ளி விழும். போகப்போகப் புள்ளிகள் கோடாகும், கோடுகள் பரவும். ஒருநாள் சாயங்காலம் பள்ளம் முழுக்க ஒரே சீராகச் சாம்பல் படர்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். அன்றைக்கு இரும்பு உட்காரும்போது காற்று மெல்ல வெளியேறும் சத்தம் கேட்கும். தலைகீழாகத் தூக்கினாலும் விழாது. நான் இந்த வேலையை விடாமல் செய்வதற்குக் காரணம் அந்த ஒரு சாயங்காலம்தான்.

ஒரு இடத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஆக்‌ஷனின் முன்பக்கம் அடியில் ஒரு கட்டியான பல் இருக்கும். சுடும்போது வருகிற உதை முழுவதையும் மரத்துக்குள் கடத்துவது அதுதான். அதன் பின்முகம் மரத்தோடு முழுசாக ஒட்டியிருக்க வேண்டும். களைப்பாக இருக்கும் நாளில் அந்த இடத்தைத் தொடாதீர்கள்.

"எபாக்ஸி ஊத்தி இடைவெளியை அடைச்சா ஏமாத்து வேலையா?"

இல்லை. கல் மாதிரி இறுகும் அந்தப் பசையை நான் அந்தப் பல் உட்காரும் இடத்தில் மட்டும் போடுகிறேன். பெரிய தோட்டா என்றால் அங்கே குறுக்கே ஒரு இரும்புத் திருகும் போடுவார்கள். ஆனால் பள்ளத்தை அகலமாகத் தோண்டிவிட்டு எபாக்ஸியால் நிரப்புவது வேறு. மேலே விளிம்பில் மரமும் இரும்பும் சேரும் கோட்டில் அது காட்டிக்கொடுத்துவிடும். இரும்பில் ஒட்டாமல் இருக்க மெழுகு தடவ மறந்தால் இரண்டையும் பிரிக்கவே முடியாது.

"பத்து இருபது முறை சுட்டதும் பின்னாடி விரிசல் விழுந்துடுச்சு. மரம் மோசமா?"

மரம் மேல் பழி போடுவதற்கு முன் ஆக்‌ஷனின் வாலைப் பாருங்கள். கழுத்துப் பக்கம் நீளும் அந்த இரும்பு வாலின் கடைசி முனை மரத்தைத் தொடவே கூடாது. இரண்டு மூன்று விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு உதைக்கும் அது ஆப்பு மாதிரி மரத்தைப் பிளக்கும். முன்பக்கப் பல் சரியாக ஒட்டாவிட்டாலும் இதே கதைதான், உதை முழுக்க வாலுக்கு வந்துவிடும். திருகுகளும் துளையின் சுவரைத் தொடக் கூடாது. இது மூன்றும் சரியாக இருந்தும் விரிந்தால், அப்போது பலகைக் கேள்வியில் சொன்ன கழுத்து நாரைச் சந்தேகப்படுங்கள்.

"எந்த எண்ணெய் அடிச்சா அந்தப் பழைய பளபளப்பு வரும்?"

ஆளிவிதை எண்ணெய், இல்லையென்றால் டங் எண்ணெய். பச்சை ஆளிவிதை எண்ணெய் காயவே காயாது போலிருக்கும். காய்வதற்கு மருந்து சேர்த்து, 'காய்ச்சியது' என்று விற்பதை வாங்குங்கள். லண்டன் கடைகளில் அல்கானெட் என்ற வேரை எண்ணெயில் ஊறவைத்து, அந்தச் சிவப்பை வால்நட்டுக்கு ஏற்றுவார்கள். மஞ்சள் பாயும் மரத்துக்கு அது அருமையாக இருக்கும்.

எண்ணெயைவிட அதற்கு முந்தைய வேலைதான் முக்கியம். 220, 320 என்று உப்புத்தாள் போட்டதும் ஈரத்துணியால் துடைத்து, சூடு காட்டுங்கள். மீசை மாதிரி நார்கள் எழும்பும். அதை மறுபடி தேயுங்கள். நான்கைந்து முறைக்குப் பிறகு எழும்பாது. அதன்பின் எண்ணெயை ஊற்றி, ஈரத்தோடு ஈரமாக 400 தாளால் தேய்த்தால் மரத்தூளும் எண்ணெயும் குழம்பாகி, மரத்தின் துளைகளை அடைக்கும். காயவிட்டு, மறுபடி. துளை மறையும் வரை இதுதான். கடைசிப் பூச்சுகளை வெறும் உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்த்து ஏற்றுங்கள். முதல் வாரம் தினமும், முதல் மாதம் வாரம் ஒருமுறை, முதல் வருடம் மாதம் ஒருமுறை, அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை என்பது பழைய ஆட்கள் சொல்லும் கணக்கு.

ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய மூடிபோட்ட தகர டப்பாவில் போடுங்கள். இது வீடு எரிகிற விஷயம்.

"எண்ணெய் அடிச்சா மழை ஏறாதா?"

ஏறும், மெதுவாக. எண்ணெய்ப் பூச்சு தண்ணீரைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. அதனால் கண்ணுக்குத் தெரியாத இடங்களையும் அடைக்க வேண்டும்: இரும்பு உட்காரும் பள்ளம், குழல் ஓடும் வாய்க்கால், பின்தகட்டுக்கு அடியில் இருக்கும் வெட்டுமுகம். தண்ணீரை அதிகம் குடிப்பது அந்த வெட்டுமுகம்தான். அழகாக முடித்த பல கட்டைகள் அங்கே எண்ணெய் படாத வெறும் மரமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

"அந்தக் கட்டம் கட்டமா வெட்டறது மெஷின்லயா?"

கையால்தான். 1964இல் வின்செஸ்டர் நிறுவனம் தன் மாடல் 70 ரைஃபிளில் கட்டங்களை வெட்டாமல் அச்சு வைத்து அழுத்தத் தொடங்கியது. வாங்குகிறவர்கள் கொந்தளித்தார்கள், இன்றுவரை அந்த வருடத்துக்கு முந்தையதற்கே கிராக்கி. கையால் வெட்டும்போது, பல் வைத்த சிறு கருவி ஒன்று முந்தைய கோட்டைப் பிடித்துக்கொண்டே அடுத்த கோட்டைக் கீறும். அங்குலத்துக்கு 22 கோடு தொடங்குகிறவருக்குப் போதும், கை தேர்ந்தவர்கள் 26 வரை போவார்கள். ஒவ்வொரு சாய்சதுரமும் அகலத்தைவிட நீளம் மூன்று மடங்கு இருந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

முதல் இரண்டு கோடு கோணினால் கடைசி வரை கோணும். அந்த இரண்டுக்கு மட்டும் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகே வெட்டுங்கள். வெட்டிய பள்ளத்தில் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் எண்ணெயை லேசாகத் தொட்டு விடுங்கள், தேங்க விடாதீர்கள்.

"எத்தனை நாள் ஆகும்?"

வார இறுதியில் மட்டும் செய்து, எனக்கு முதல் கட்டைக்குப் பதினான்கு மாதம், வீணாய்ப்போன பலகையைச் சேர்க்காமல். இரண்டாவதற்குப் பத்து மாதம். முக்கால்வாசி இயந்திரத்தில் கடைந்த கட்டையும் விற்கிறார்கள். அதை வாங்கினால் பாதி நேரம் மிச்சம். முதல் முறை செய்கிறவர்கள் அதில் தொடங்குவதை நான் குறையாக நினைக்கவே மாட்டேன்.

"முடிச்சு வச்ச கட்டை எதுலயோ இடிச்சு பள்ளமாயிடுச்சு. மறுபடியும் முதல்ல இருந்தா?"

வேண்டாம். நார் அறுந்திருக்காது, நசுங்கித்தான் இருக்கும். எண்ணெய் கேள்வியில் சொன்ன அதே மீசை எழுப்பும் வித்தைதான் இங்கேயும். பள்ளத்தின் மேல் ஈரத்துணியை மடித்து வைத்து, இஸ்திரிப்பெட்டியின் முனையால் இரண்டு விநாடி அழுத்துங்கள். புஸ்ஸென்று ஆவி ஏறும். துணியை மறுபடி நனைத்து மறுபடி அழுத்துங்கள். நாலைந்து முறைக்குள் பள்ளம் மேலே வந்து சமமாகிவிடும். ஒருநாள் காயவிட்டு, அந்த இடத்தில் மட்டும் 400 தாளால் லேசாகத் தேய்த்து, விரல் நுனியில் எண்ணெய் தொட்டுத் தடவுங்கள். சுற்றியுள்ள நிறத்தோடு அது சேர ஒரு வாரம் ஆகும்.